தார் ரோடு முடிந்த பிறகு வண்டி ஓட்டுவது பற்றி மைத்துனருக்கு ஒரு விளக்கம்

போர்ட் அகஸ்டா,
மே மாதம், சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் குறையாத மைத்துனர் நெவில் ஹாஸ்லம் அவர்களுக்கு, தங்கள் தங்கை டோரீனின் கணவன் மெர்வின் டிரெலோர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் டோரீனும் புதிதாக வாங்கிய வண்டியும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் மாடுகளும், முக்கியமாகத் தங்கள் இடது தொடை எலும்பும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. போனில் கேட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் போனில் நான் பத்து நிமிடம் பேசினால் தாங்கள் "ம்" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அந்த "ம்" சம்மதமா, மறுப்பா, தொண்டையில் தூசியா என்று டோரீனும் நானும் அன்று முழுக்கச் சண்டை போட வேண்டியிருக்கிறது. எனவே எழுதுகிறேன்.

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கடிதம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். தீவனப் பையிலிருந்து கிழித்த அட்டை, அதில் மூன்று வரி. "வராதே. ரோடு மோசம். மெர்வினுக்கு ஓட்டத் தெரியாது." டோரீன் இதைக் காலைச் சாப்பாட்டின்போது சத்தமாக வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாவது வரியை மட்டும் மூன்று தரம். பிறகு அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். நான் பாலெடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. இரண்டாவது வரியைப் பற்றி நமக்குள் தகராறு இல்லை. ரோடு மோசம்தான். மோசமாக இல்லாவிட்டால் எதற்குத் திட்டம், எதற்கு முன்னேற்பாடு? முதல் வரிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் டோரீன். மூன்றாவது வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பாலைவனத்தைக் குறுக்கே தாண்டிப் போகும் ரயில் எங்கே நிற்கும், எதிரே வருகிற சரக்கு வண்டிக்கு எங்கே ஒதுங்கி வழிவிடும் என்பதையெல்லாம் நாற்காலியை விட்டு எழாமல் தீர்மானித்தவன். டோரீனைப் பெண் கேட்டுத் தங்கள் பண்ணைக்கு நான் வந்த அன்று, நான் ஓட்டிவந்த கார் கேட்டைத் தாண்டி, கோழிகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டி நின்றதும், தாங்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் குனிந்து, "தண்டவாளம் இல்லாத எடத்துல ஒனக்கு என்ன மாப்ளே வேலை?" என்று கேட்டதும் நன்றாக நினைவிருக்கிறது. மறக்க விட்டால்தானே! கல்யாண விருந்தில் அதையே சொன்னீர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொன்னீர்கள். தங்கள் மனைவி ஜாய்ஸ் அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து, தங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அன்றும் இன்னொரு தரம் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள். அதனால் அந்தக் கேலியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது உண்மையில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அன்று பிரேக்கில் கோளாறு.

எதற்காக இந்தப் பயணம் என்று தாங்கள் கேட்கவில்லை. காரணம் தெரியும் என்பதால் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மார்ச் மாதம் அந்த இளங்காளை தங்களைப் பட்டியின் கம்பியோடு சேர்த்து அழுத்தி, தொடை எலும்பு முறிந்து, மருத்துவ விமானத்தில் இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் எங்கள் வீட்டுக்கும் நாலு தெருதான் தூரம். டோரீன் தினமும் மதியம் தங்களுக்காக ஆட்டு இறைச்சித் துண்டங்களைப் பொரித்து, உருளைக்கிழங்கு மசித்து, பீட்ரூட் வைத்துக் கொண்டுவந்தாள். தாங்கள் தின்றுவிட்டு "ம்" என்றீர்கள். அவளுக்கு அது போதும். பிறகு ஒருநாள் அவள் வழக்கம்போலச் சாப்பாட்டோடு வந்து பார்த்தால் கட்டில் காலி. மாடு வாங்க அந்தப் பக்கம் கிளம்பிய எவனோ ஒருவனின் சின்ன விமானத்தில் ஏறித் தாங்கள் பண்ணைக்குப் போய்விட்டீர்கள். டாக்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நர்சிடம் "தேங்க்ஸ்" சொல்லியிருக்கிறீர்கள். நாலு தெரு தள்ளி இருக்கிற தங்கைக்கு ஒரு வார்த்தை இல்லை. டோரீன் அந்தக் காலிக் கட்டிலில் உட்கார்ந்து, தங்களுக்காகக் கொண்டுபோன சாப்பாட்டைத் தானே முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில், "மெர்வ், நாம அண்ணனப் பாக்கப் போறோம்" என்றாள். "போய் அவரு மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்கணும்." அன்றைக்கே நான் திட்டமிட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் வண்டி. பந்து உருட்டும் கிளப்பில் என்னோடு விளையாடுகிற பேசில் கூச்செல் என்பவரிடமிருந்து, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆற்றில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு விடுவதற்கு முன்பக்கம் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய். கங்காரு குறுக்கே பாய்ந்தால் தாங்குவதற்கு முன்னால் இரும்புச் சட்டம். பின்கண்ணாடியில் நாட்டிலுள்ள பாலைவனங்களின் பெயர்களெல்லாம் ஸ்டிக்கராக இருக்கின்றன. "இத்தனை எடம் போயிருக்கீங்களா பேசில்?" என்று மரியாதையோடு கேட்டேன். "சேச்சே! ஸ்டிக்கரெல்லாம் எம்பொண்ணு வாங்கிக் குடுத்தா. நான் கிளப்புக்கும் மீன் கடைக்கும்தான் ஓட்டினேன்" என்றார். ஆக வண்டி புதுசு மாதிரி. டோரீன் அதைச் சுற்றி ஒரு நடை வந்து, ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்றது யாரு?" என்றாள். நான்தான் என்றேன். அவள் தங்களைப் போலவே "ம்" என்றாள். இது உங்கள் குடும்ப வியாதி என்று நினைக்கிறேன்.

அடுத்து, கால அட்டவணை தயாரித்தேன். எங்கே புறப்பாடு, எங்கே எரிபொருள், எங்கே தேநீர், எதிரே லாரி வந்தால் ஒதுங்க வசதியான இடம் எது என்று எல்லாம் வரைபடத்தோடு. அதைச் சமையலறை மேசையில் விரித்தேன். டோரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இதென்ன, ஒன்னுக்குப் போறதுக்குக்கூட டைம் போட்டிருக்கு?" என்றாள். அத்தியாவசிய நிறுத்தம் என்றேன். "எனக்கு அதுக்கு முன்னாடியே வந்தா?" என்றாள். அதற்கு அட்டவணையில் இடமில்லைதான். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை என்பதற்காக முழுத் திட்டத்தையும் குறை சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு சாமான் ஏற்றினோம். குடிதண்ணீர், டீசல் கேன், இரண்டு ஸ்டெப்னி, மண்வெட்டி, இழுவைக் கயிறு, மடக்கு நாற்காலி, அடுப்பு, கூடாரம், கூடாரத்துக்கு மேல் போடுகிற கூடாரம். அத்தனையும் வண்டியின் மேல் கேரியரில் அழகாகக் கட்டினேன். மழை வந்தால் நனையக்கூடாது என்று ஷெட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டினேன். முடித்துவிட்டு வண்டியை வெளியே எடுத்தபோதுதான், சாமானின் உயரம் ஷெட் வாசலைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. தெரிந்தது என்றால், சத்தம் கேட்டுத் தெரிந்தது. ஷட்டரின் கீழ்விளிம்பு கூடாரத்துக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது; முன்னே போனால் ஷட்டர் வருகிறது, பின்னே போனால் சுவர் வருகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் மச்சான், மண் ரோட்டில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். நானும் படித்திருக்கிறேன். நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். வண்டி மெல்ல உட்கார்ந்தது. ஷட்டர் விடுபட்டது. ஊர்ந்து வெளியே வந்தேன். இக்கட்டான நேரத்தில் டயர்க் காற்றை வைத்துத் தப்பிக்கிற கலை என் கைவசம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எதிர்வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

டயர் மாற்றுகிற பயிற்சியும் செய்தாகிவிட்டது. வீட்டு முன்னால் புல்தரையில் வண்டியை நிறுத்தி, ஜாக்கியை வைத்துச் சுழற்றினேன். சுழற்றச் சுழற்ற வண்டி மேலே வரவில்லை, ஜாக்கி கீழே போயிற்று. நான் விடாமல் சுழற்றினேன். விடாமுயற்சி ரயில்வேயில் கற்றது. ஒரு கட்டத்தில் பூமிக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வந்து, புல்லுக்குத் தண்ணீர் விடுகிற குழாய் உடைந்து, தண்ணீர் வண்டியின் அடியிலிருந்து நீரூற்றாக எழுந்து என் முகத்தில் அடித்தது. ஜன்னலிலிருந்து டோரீன், "பாலைவனத்துல தண்ணி கெடைக்காதுன்னு யாருங்க சொன்னா?" என்று கத்தினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். எனவே குழாய் ரிப்பேர் செலவை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஜாக்கிக்கு அடியில் பலகை வைக்க வேண்டும் என்பது இப்போது எனக்கு ஆயுளுக்கும் மறக்காது. இங்கே புல்லில் கற்றுக்கொண்டதை அங்கே மணலில் கற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்யோசனை என்பது இதுதான்.

அடுத்து அந்த ஆபத்துக் கருவி விஷயம். அது தங்களுக்கு ஒரு பாதி தெரியும். மறுபாதியை நான் சொல்கிறேன். நடுக்காட்டில் வண்டி கவிழ்ந்தாலோ, பாம்பு கடித்தாலோ, மஞ்சள் நிறத்தில் சோப்புக்கட்டி அளவில் இருக்கிற அந்தக் கருவியின் பட்டனை அழுத்தினால் செய்தி வானத்துக்குப் போய், அங்கிருந்து அதிகாரிகளுக்கு வந்து, அவர்கள் நாம் எழுதிக் கொடுத்திருக்கும் உறவினருக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு மீட்க வருவார்கள். உறவினர் என்ற இடத்தில் தங்கள் பெயரையும் எண்ணையும் எழுதினேன். வேறு யாரை எழுதுவேன்? பட்டன் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அழுத்தினால்தான் தெரியும். அழுத்தினேன். ஒரு சின்ன விளக்கு மினுக்மினுக்கென்றது. திருப்தியாக அதை மேசை டிராயரில் வைத்துவிட்டு, தோட்டத்துக்குப் போய் ரோஜாவுக்கு உரம் போட்டேன். அணைக்க வேண்டும் என்று கருவியின் மேல் எழுதியிருந்தது. ஆனால் மிகவும் பொடி எழுத்து.

தங்களுக்குப் போன் செய்த அதிகாரி, "மெர்வின் டிரெலோர் என்பவர் ஆபத்தில் இருக்கிறாரா?" என்று கேட்டதற்குத் தாங்கள், "அந்தாளு எப்பவும் நல்லாத்தான் இருப்பான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எந்தங்கச்சிதான் ஆபத்துல இருக்கா" என்று பதில் சொன்னதாக எங்கள் வீட்டுக்கு வந்த போலீஸ்காரப் பெண் சொன்னார். அவர் சின்ன வயசு, நல்ல மாதிரி. வாசலில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இங்க யாருக்கு சார் ஆபத்து?" என்று கேட்டார். உள்ளேயிருந்து டோரீன், "இப்போதைக்கு யாருக்கும் இல்லம்மா. அந்தச் சேத்துக் காலோட உள்ள வந்தா அவருக்கு" என்றாள். பிறகு தேநீரும் தேங்காய்த் துருவல் தூவிய கேக்கும் கொடுத்து அனுப்பினாள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நான் பட்டனை அழுத்தி, ரோஜாச் செடிகளில் ஒரு வரிசை முடிப்பதற்குள் ஆள் வந்துவிட்டது! இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது தங்கள் தங்கையின் பாதுகாப்பைப் பற்றித் தங்களுக்கு என்ன கவலை? ஆனால் தாங்கள் அதற்கு மறுநாளே அந்தத் தீவன அட்டையை எழுதியிருக்கிறீர்கள் என்று தபால் முத்திரையைப் பார்த்து டோரீன் கண்டுபிடித்தாள்.

கடைசியாக வெள்ளோட்டம். சென்ற வாரம் குவார்ன் பக்கம் மண் ரோட்டில் ஒரு நாள் போய்வந்தோம். ரோடு தகரக் கூரை மாதிரி வரி வரியாக இருந்தது. மெதுவாகப் போனால் பல் ஆடுகிறது. வேகமாகப் போனால் பல் ஆடுவது நின்று, வண்டி தன் இஷ்டத்துக்குப் பக்கவாட்டில் நடனமாடுகிறது. வண்டியின் பின்னால் வைத்திருந்த சின்ன ஃப்ரிட்ஜ் கட்டவிழ்ந்து கதவு திறந்து, முட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டோரீன் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு, "ஸ்டியரிங்க இறுக்காதீங்க, விட்டுப் புடிங்க! குதிர மாதிரி!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் குதிரை ஏறியதில்லை, தெரியுமல்லவா. எதிரே மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரி ஒன்று வந்தது. அட்டவணைப் பிரிவில் இருந்தவன் அல்லவா, ஒதுங்கி வழிவிட்டேன். நன்றாகவே ஒதுங்கினேன். தூசி அடங்கிய பிறகு பார்த்தால், காய்ந்த ஓடையின் மணலில் அச்சுவரை புதைந்து நின்றிருந்தோம்.

நான் பதறவில்லை. பதறுவது என் சுபாவம் இல்லை. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து, "மணலில் சிக்கினால்" என்ற அத்தியாயத்தை நிழலில் நின்று உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். முன்னுரை கொஞ்சம் நீளம். நான் முன்னுரையில் இருக்கும்போது டோரீன் டயர்களில் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தள்ளி, ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எங்க உக்கார்றது?" என்றேன்.

"நீங்க ஏறாதீங்க. எடை குறையட்டும்."

அவ்வளவுதான். வண்டி ஒரு உறுமல், ஒரு குலுக்கல், ஓடையிலிருந்து எருமை எழுந்த மாதிரி எழுந்து, கரை ஏறி, நிற்காமல் போய்விட்டது. மணலில் நின்றால் மறுபடி புதையும், கெட்டித் தரை வரும்வரை நிறுத்தக்கூடாது என்பது கையேட்டிலேயே இருக்கிறது. நான் பிறகு வாசித்தேன். கெட்டித் தரை வெகுதூரத்தில் இருந்தது. ஈக்கள் துணைக்கு வர நடந்து போய்ச் சேர்ந்தேன். டோரீன் வண்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரயில் லேட்டு" என்றாள்.

திரும்பி வரும்போது தார் ரோடு வரைக்கும் அவளே ஓட்டினாள். நான் தடுக்கவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போகிற நேரத்தில் திடீரென்று, "அண்ணன் மடியில உக்காந்துதான் நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். எனக்குக் கால் எட்டாது. அண்ணன் கிளட்ச மிதிக்கும், நான் ஸ்டியரிங் புடிப்பேன். அப்பாவுக்குத் தெரியாம மேக்கால கெணறு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள். அப்புறம் கொஞ்ச தூரம் போனபின், "இப்ப அந்தக் காலு பூட்ஸ் போடவாச்சும் மடங்குதான்னு தெரியல. யாரு இருக்கா போட்டு விட? கேட்டா 'ம்'னு வெச்சிடும்" என்றாள். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான், மற்ற விஷயங்களில் என்னைக் கேலி செய்யுங்கள். இந்த ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நாலு கேள்வி கேட்கணும் என்று அவள் சொன்னாளே, எனக்குத் தெரிந்து அவளிடம் இருப்பது ஒரே கேள்விதான். 'கெளம்பும்போது எங்கிட்ட ஏன் சொல்லல?' என்பதுதான் அது.

ஆகவே முடிவாகத் தெரிவித்துக்கொள்வது. ஜூன் மாதம் கிளப் போட்டிகள் முடிந்ததும் முதல் புதன்கிழமை காலை புறப்படுகிறோம். முழுத் தூரமும் நான் ஓட்டுகிறேன். டோரீன் தேநீர்ப் பொறுப்பு. இரண்டு இரவு வழியில் கூடாரத்தில் தங்கல், அவசரப்படுவது ஆபத்து. மூன்றாம் நாள் பிற்பகல் தேநீருக்குத் தங்கள் வாசலில் இருப்போம். ஒரு வாரம் தங்கிவிட்டு, தங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் கிளம்பிவிடுவோம். இதில் எந்த மாற்றமும் இருக்காது. நான் போட்ட அட்டவணை எதுவும் இதுவரை மாறியதில்லை. தாங்கள் எதற்கும் கவலைப்படாமல் காலுக்கு ஓய்வு கொடுங்கள். காளைகளிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

தங்கள் பண்ணையில் புல் தழைக்கவும், தண்ணீர் வற்றாதிருக்கவும், கன்றுகள் பெருகவும், தங்கள் எலும்பு முன்னிலும் உறுதியாகச் சேரவும் ஆண்டவனை வேண்டிக்கொண்டு, டோரீனின் அன்பையும் கோபத்தையும் சம பங்காகச் சேர்த்து அனுப்பி, முடிக்கிறேன்.

என்றும் தங்கள் மேல் மதிப்புள்ள,
மெர்வின் டிரெலோர்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். இப்போது ஞாயிறு மதியம். இதை மரீ ஊரில், தார் முடிகிற இடத்தில், வண்டிக்குள் முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும். காலையில் ரேடியோவில், வடக்கே பெருமழை இறங்குகிறது, நாளையிலிருந்து உங்கள் ரோட்டை அடைத்துவிடுவார்கள், எப்போது திறக்குமென்று சொல்ல முடியாது என்றார்கள். டோரீன் அடுப்பில் இருந்த முட்டையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, "மெர்வ், ஏறுங்க வண்டியில" என்றாள். அட்டவணை மேசையிலேயே கிடக்கிறது. கூடாரம் ஷெட்டில் இருக்கிறது. கிளப் இறுதிப் போட்டியில் எனக்குப் பதில் பேசில் ஆடுவார், தோற்பார். ஆனால் தன் தையல் மிஷினையும், கம்பளிப் போர்வையையும், உடைந்த காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ரப்பர் பட்டைகளையும் அவள் மறக்காமல் ஏற்றிவிட்டாள். எனவே ஒரு வாரம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். நாங்கள் உள்ளே வந்ததும் மழை பின்னால் கதவைச் சாத்தப்போகிறது. ரோடு காயும்வரை, மூன்று வாரமோ நாலு வாரமோ, நாங்கள் உங்கள் வீட்டில்தான்.

ஓட்டுவது அவள். நான் முழுத் தூரமும் ஓட்டுவேன் என்று எழுதிய வரியையும் அடித்துவிடுங்கள். அவள் விட்டுப் பிடித்து ஓட்டுகிறாள். பார்க்க நன்றாக இருக்கிறது, மச்சான். இவ்வளவு காலம் நான் ஏன் அந்தப் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்துக்கு இனிமேல் நான்தான் தபால்காரன். பொழுது சாய்வதற்குள் உங்கள் வாசலில் முதலில் நான் இறங்கி, இதை உங்கள் கையில் கொடுப்பேன். நீளம் அதிகம் என்று திட்டாதீர்கள். வேண்டுமென்றேதான் சுருக்காமல் விட்டேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, முகத்தைத் துடைத்து, என்ன கேட்பதென்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு படியேறி வர, இவ்வளவு பக்கம் வாசிக்கிற நேரம் தேவைப்படும்.

வாசித்தாகிவிட்டதா? எழுந்திருக்க வேண்டாம், கால் வலிக்கும். நிமிர்ந்து மட்டும் பாருங்கள். இந்தத் தடவை "ம்" மட்டும் சொல்லிவிடாதீர்கள்.